நூற்றெட்டு கிலோவும் ஒரு க்ரூஸரும்

எல்லா அடுக்ககங்களிலும் இவர் ஒருவர் இருப்பார். 1990களில் பைக் ஓட்டியவர். கல்யாணம், வீட்டுக்கடன், மகளின் கல்லூரி என்று இருபத்தைந்து வருடம் ஓடியபின் ஒருநாள் வாக்கிங்கை நிறுத்திவிட்டு, "வண்டி வாங்கப் போறேன் சார்" என்பார். கார் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் காரில் எப்போதும் குடும்பமும் இருக்கிறது.

எங்கள் பிளாக்கில் அவர் இரண்டாவது மாடி. தன் நினைப்பில் இன்னும் அறுபத்திரண்டு கிலோ. எடை மெஷினில் நூற்றெட்டு. பிரகாரம் சுற்ற நல்ல எண்தான், ஷாக் அப்சார்பருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

முதல் ஆசை யமஹா ஆர்எக்ஸ் 100. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை ஒரு நண்பர் பளபளவென்று வைத்திருந்தார். நம்மவர் ஏறி உட்கார்ந்தார். வண்டியே நூறு கிலோவைத்தான் ஒட்டி இருக்கும். யார் யாரைச் சுமப்பது என்று தெரியாமல் பின் ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது. பேசாமல் இறங்கிவிட்டார். மறுநாள் காலை லிஃப்டில், "நமக்கு க்ரூஸர்தான் சார் சரி" என்றார்.

பிறகு மூன்று மாதம் யூடியூப். சீட் உயரங்களை நட்சத்திரம், ராசி போல ஒப்பிப்பார்: ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 என்றால் 765 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியார் 650 என்றால் 740. சிக்னலில் இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்கு. பல வருடம் கழித்து ஓட்டுகிறவர் வேகத்தில் மட்டும் அல்ல, நிற்கும்போதும் விழலாம்.

டெஸ்ட் ரைடுக்கு என்னையும் கூட்டிப்போனார். அந்தக் காலத்தில் அவர் ஓட்டியது பழைய புல்லட். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது எல்லாம் இடம் மாறிவிட்டது. அவருடைய கால்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. குறுக்கே ஆட்டோ வந்ததும் முழு நம்பிக்கையோடு இடது காலை அழுத்தினார். கியர் ஒன்று இறங்கி வண்டி உறுமியது. ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மனசு போனது 650-யிடம். எடை 241 கிலோ. ஷோரூமின் வழவழத் தரையில் அது குழந்தை மாதிரி நகர்ந்தது. எங்கள் பார்க்கிங்கோ சரிவு; தினமும் பின்பக்கமாகத் தள்ளி ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து சரிவைப் பார்த்தார், பிறகு வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் அன்று மாலையே ஊருக்குப் போக லீவு கேட்டார். வாங்கியது 191 கிலோ மீட்டியார் 350.

முதல் ஞாயிறு ஈசிஆரில் மாமல்லபுரம். திரும்பி வந்தவர் இரண்டு நாள் நின்றுகொண்டே காபி குடித்தார். வண்டியைக் குற்றம் சொல்லக் கூடாது. க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருப்பதால், பள்ளம் வரும்போது மற்ற வண்டிகளில் செய்வதுபோல் காலை ஊன்றிக் கொஞ்சம் எழும்ப வராது. அடி நேராக இடுப்புக்குத்தான். கால் நீட்டினால் சொகுசு என்பது ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எடுக்கிற முடிவு. கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக்தான் வந்து பார்த்து, "அண்ணே, இது ஒல்லி ஆளுக்கு வெச்ச செட்டிங்" என்று கொக்கி ஸ்பேனரால் பின் ஸ்பிரிங்கை இரண்டு படி ஏற்றிக் கொடுத்தான். மூன்று மாத யூடியூபில் யாருமே இவரிடம் சொல்லாத விஷயம். பத்து நிமிட வேலை.

"ஏங்க, நான் உட்காருற இடம் எங்கே?" என்று அவர் மனைவி கேட்டதில் பின்சீட்டுக்கு ஒரு முதுகுச் சாய்வும் வந்துவிட்டது. இப்போது ஞாயிறுதோறும் இருவரும் கோவளம் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறார்கள்.

மற்ற நாட்களில் வண்டி கீழே துடைக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் போக நேர்ந்தால், "மைலேஜ் என்ன சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், மகிழ்ந்துபோவார். கையில் முக்கால் மணி நேரம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.