கோழிக் கிண்ணமும் கல் கோஸும்

கேள்வி: கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய பழைய கிண்ணத்தில் ஒருவர் டீ குடித்தாராமே?

பதில்: குடித்தார். 2014-ல் ஹாங்காங் ஏலத்தில் ஷாங்காய் செல்வந்தர் லியூ யிசியன் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு எடுத்த கிண்ணம் அது. பணம் கட்ட கிரெடிட் கார்டை 24 முறை தேய்த்தார்! டீ குடித்த படம் வெளிவந்ததும் பலர் பதறினார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். சீனாவின் செங்ஹுவா பேரரசர் (1465–1487) காலத்தில் மது அருந்தவென்று செய்த கிண்ணம், ஐந்து நூற்றாண்டு கழித்து ஒரு வாய் டீயைப் பார்த்ததில் என்ன குற்றம்?

எட்டு சென்டிமீட்டர் அகலம்தான். சேவல், கோழி, குஞ்சுகள். பச்சை மண்ணில் நீலக் கோடு இழுத்து, மேலே மெருகு பூசி ஒருமுறை சுட வேண்டும். பிறகு கோட்டுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை நிரப்பி, குறைந்த சூட்டில் மறுபடி சூளை. இரண்டில் எதில் தவறினாலும் கிண்ணம் குப்பைக்குத்தான். அடியில் பேரரசரின் ஆட்சிப் பெயர் இருக்கிறது. ஜிங்தேஜென் சூளையில் குஞ்சு வரைந்தவரின் பெயர் எங்குமில்லை. கார்டு தேய்த்தவரைவிட அவரைத்தான் நான் கும்பிடுவேன்.

கேள்வி: தைபே அருங்காட்சியகத்தில் முட்டைகோஸைப் பார்க்கவா அத்தனை கூட்டம்?

பதில்: ஆமாம், கல் முட்டைகோஸ்! பாதி வெள்ளை, பாதி பச்சை, உள்ளே விரிசல் விழுந்த ஜேடைட் கல். வேறு யாராவது ஒதுக்கியிருப்பார்கள். பெயர் தெரியாத அந்தச் சிற்பி வெள்ளையைத் தண்டாக்கி, பச்சையை இலையாக்கி, விரிசலை நரம்புக்குள் மறைத்துவிட்டார். மேலே உட்கார்ந்திருக்கும் பூச்சிகளும் அதே கல்தான்.

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ ஓவியத்தின் அசல் எங்கே இருக்கிறது?

பதில்: அவர் கைப்பட வரைந்த தாளைக் கேட்டால், எங்கும் இல்லை. சுமார் 1831-ல் அதைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டோடு செதுக்கிவிட்டார்கள். செதுக்கச் செதுக்கத் தாள் போய்விட்டது. அந்தப் பலகைகளிலிருந்து அச்சான ஒவ்வொரு பிரதியும் அசல். நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கிறது. அலையின் நுனி நகங்களை வெட்டிய உளி ஹொகுசாயுடையதல்ல. அச்சுக்காரரும் வேறு.

கேள்வி: சீனப் பேரரசர் நம் தமிழை மதித்ததுண்டா?

பதில்: கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். யோங்லே பேரரசருக்காகத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த கல் நிற்கிறது. பொறித்த ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்து தெய்வத்துக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்குக் காணிக்கை. 1911-ல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். பொன், வெள்ளி, பட்டு என்று மூன்று மொழியிலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. எந்தத் தெய்வத்துக்கும் குறை வைக்கவில்லை.