கியர் போட்ட ஒத்தைச் சில்லுக்காரனுக்கு

சுவிசில இருந்து பிளேனில ஒத்தைச் சில்லொண்டை ஏத்திக்கொண்டு வந்து, மருதனார்மடச் சந்தியில விழுந்து காட்டினதுக்கு முதல்ல என்ர பாராட்டு, மோனை. சந்தைக்கு வந்த சனம் கத்தரிக்காய் விலையை மறந்து நிண்டு பாத்தது. இடமும் வாய்ப்பான இடம், ஆஞ்சநேயர் கோயில் கிட்ட. அவர் கடலையே தாண்டினவர்தான், ஆனா இறங்கேக்கை காலால இறங்கினவர். நீ கையால இறங்கினாய்.

ஒத்தைச் சில்லில விழுறது ஒரு புதினமில்லை. கியர் இல்லாத சில்லு விழுத்தினாலும் மரியாதையோட விழுத்தும். முன்னுக்குத் தடக்கக் காண்டிலும் இல்லை, பாரும் இல்லை. சாய்ஞ்சா பெடலில இருந்து கால் நேர நிலத்துக்கு வரும், நாலு எட்டு ஓடி நிண்டிட்டு, விழவே இல்லை எண்ட மாதிரி சேட்டை இழுத்து விடலாம். பாத்தவனும் இது வித்தையின்ர ஒரு பங்கு எண்டு நினைப்பான்.

உது காணாதெண்டுதானே உங்கட சுவிசில புளோரியன் ஷ்லும்ப் எண்ட எஞ்சினியர் சில்லுக் குடத்துக்குள்ள பல்லுச் சக்கரங்களை வைச்சு இரண்டு கியர் செய்தவர். கெட்டிக்காரன், அதில குறை சொல்ல ஏலாது. மேல் கியரில நீ ஒருக்கா உழக்கினாச் சில்லு 1.55 தரம் சுத்தும். 36 அங்குலச் சில்லெண்டா ஒரு உழக்குக்கு 2.87 மீற்றர் போனது 4.45 மீற்றர் போகும். நிமிசத்துக்கு 120 தரம் உழக்கிறவனுக்கு மணிக்கு 20 கிலோமீற்றர் சொச்சமா இருந்த வேகம் 32 ஆகும்.

சில்லின்ர கணக்கு முடிஞ்சுது, இனி உன்ர கணக்கு. உசைன் போல்ட் நூறு மீற்றரை 9.58 செக்கனில ஓடினவர், சராசரி பாத்தா மணிக்கு 37 கிலோமீற்றருக்கு மேல. அந்த மனிசன் 32இல சரிஞ்சாலும் ஓடித் தப்புவார். நீ? நேற்று எங்கட வீட்டு நாய் துரத்தேக்கை நீ ஓடின ஓட்டத்தைப் படலையடியில நிண்டு பாத்தனான். பதினைஞ்சும் வராது. மிச்சப் பதினேழையும் ஆர் ஓடுறது, கொப்பரோ? உன்ர முழங்காலும் முழங்கையும்தான் ஓடினவை. தார் றோட்டில அவை ஓடின தடத்தை நான் போய்ப் பாத்திட்டும் வந்தனான்.

பிறேக் இருக்கு எண்டு சொன்னாய். சீற்றுக்குக் கீழ ஒரு விசையும் கிடக்கு, கண்டனான். பிறேக்கை இறுக்கிப் பிடிச்சாச் சில்லு நிக்கும், மோனை. நீ நிக்கமாட்டாய்.

கியர் மாத்துற சங்கதிதான் எனக்கு நல்லாப் பிடிச்சுக் கொண்டுது. அச்சின்ர அந்தத்தில ஒரு பொத்தான். ஓடுற ஓட்டத்தில அதைக் குதிக்காலால தட்டவேணும். உள்ள வேகத்தை உயிரோட தாங்கிறதே இரண்டு கால்தான், அதில ஒண்டை வேற வேலைக்கு அனுப்புறாய்! தட்டின உடன பெடல் இறுகும். சாயுற உடம்புக்குக் கீழ சில்லைத் திரும்பக் கொண்டுவர ஒண்டரை மடங்கு பலம் வேணும்; சாயுறதுக்கு ஒரு பலமும் வேண்டாம். கீழ்க் கியருக்கு வாறது அதிலும் வடிவு. பெடல் திடீரெண்டு ஒண்டரை மடங்கு வேகத்தில சுத்தும், கால் அந்தரத்தில நிக்கும். முன்னுக்கு விழுறதோ பின்னுக்கு விழுறதோ எண்டு யோசிக்கிறதுக்குள்ள நாரி நிலத்தில குந்தியிருக்கும்.

குடக் கியர் எங்களுக்குத் தெரியாத சாமான் எண்டு நினையாதை. 1902இல இங்கிலாந்தில தொடங்கின ஸ்ரேர்மி ஆச்சர் மூண்டு கியர் பூட்டின றலிச் சயிக்கிள் ஓடின கனவான்கள் இஞ்சயும் இருந்தவை. அதில இரண்டாம் கியருக்கும் மூண்டாம் கியருக்கும் நடுவில ஒரு வெறும் இடம் இருக்கும். எழும்பி நிண்டு உழக்கேக்கை கியர் அங்க போய் நிண்டிட்டா, பெடல் சும்மா சுத்தும், ஆள் பாரில குந்துவார். அப்பிடிக் குந்தினவை ரெண்டு நாள் காலை அகட்டி நடந்ததுக்குச் சொன்ன காரணங்களைக் கேட்டிருக்கவேணும் நீ.

1990இல சண்டையோட பெற்றோல் தடை வந்தாப்பிறகு யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சயிக்கிளில ஓடினது. விறகும் அதில, வருத்தக்காரரும் கரியரில. லைற் இல்லாத இரவில, குழி விழுந்த றோட்டில நாங்களும் விழுந்தனாங்கள்தான். எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. நீ பிராங்க் கணக்கில காசைக் குடுத்தெல்லோ விழுறாய்!

வெள்ளைக்காரனும் ஒருகாலம் உன்னைப்போலதான். 1870களில நெஞ்சு உயரச் சில்லில ஏறி, ஒரு கல்லுத் தட்டினா முகம் குப்புறப் போனவன். இறக்கத்தில இறங்கேக்கை இரண்டு காலையும் காண்டிலுக்கு மேலால போட்டுக்கொண்டு வருவானாம், எறிபட்டாலும் காலில விழட்டும் எண்டு. 1885இல ஸ்ராலி எண்டவர் றோவர் சயிக்கிளைச் செய்தாப்பிறகு புத்தி வந்து இரண்டு சமச் சில்லுக்கு மாறினான். அவன் விட்டதைத்தான் நீ பொறுக்கி வைச்சிருக்கிறாய், அதுவும் பாதியை.

சரி, விடச் சொன்னா விடமாட்டாய். நானும் உன்ர வயதில கேக்கிற சாதியில்லை. கியர் போடுறதெண்டா விடியப்புறம், சந்தைக்கு வண்டில் வாகனம் வரமுந்தி போடு. ஊர் தட்டைதான், மேல் கியருக்கு வாய்ப்பான ஊர். ஆனா ஒழுங்கை வாயில மழைக்கு வந்த மண் தாரில பரவிக் கிடக்கும், அதில கியரைத் தட்டாதை. தலைமயிர் குழம்பினாலும் ஹெல்மெற்றைப் போடு. மணிக்கட்டுக்கு உள்ளங்கைப் பக்கம் தகடு வைச்ச காப்பு விக்கிறாங்கள், அதையும் போடு. விழேக்கை கையை ஊன்றாத மனிசன் இந்த உலகத்தில இல்லை.

அந்த வலக்கையைக் கொண்டா பாப்பம். பெருவிரலை விரிச்சாப் புறங்கைப் பக்கம் இரண்டு நரம்புக்கு நடுவில ஒரு பள்ளம் விழுதே, அதை அமத்து. நோகுதோ? அதுக்குள்ள முந்திரிக்கொட்டை அளவில ஒரு எலும்பு இருக்கு. அது வெடிச்சா முதல் எடுக்கிற எக்ஸ்றேயில தெரியாமலும் போகும். அதுக்கு இரத்தம் போற வழி குறைவு. கவனியாமல் விட்டாப் பொருந்தாமல் கிடந்து, காலத்துக்கும் கை நோகும். புக்கை கட்டிப்போட்டுப் படுக்கலாமெண்டு நினையாதை. படத்தில ஒண்டுமில்லை எண்டாலும் டொக்டர் மாக்கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாளில திரும்ப எடுக்கச் சொல்லுவார். சொன்ன நாளுக்குப் போ.

முகத்தைச் சுழிக்கிறாய், நோகுதெண்டு விளங்குது. சேட்டை மாத்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருவம். பஸ்ஸில.