ஜாலி யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் காலேஜ் பெண்கள் வந்து நின்றால், ‘பிகர் வருதுடா’ என்கிறார்கள் பையன்கள். கேட்டால், ‘அழகா இருக்குன்னுதானே சொல்றோம், சும்மா ஜாலிக்கு’ என்று பதில். இது பாராட்டா, கேலியா?
- ஒரு வாசகி, காவாந்தண்டலம்

பதில்: ஜாலி யாருக்கு? சொல்கிறவனுக்கா, தலையைக் குனிந்து நிற்கிறவளுக்கா? நம் பக்கம் பேத்தியையும் பாட்டியையும்கூட அஃறிணையில் ‘அது வந்துச்சா, சாப்பிட்டுச்சா’ என்போம். அதில் பாசம் இருக்கிறது. முன்பின் தெரியாத பெண்மேல் என்ன பாசம்? ‘உன் தங்கச்சியைச் சொன்னா விடுவியா’ என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்கும் தங்கச்சியாக இல்லாதவளும் நிம்மதியாகப் பஸ் ஏற வேண்டும்.

கேள்வி: ஒரு வார்த்தைக்கெல்லாம் கேஸா? சட்டத்துக்கு வேறு வேலை இல்லையா?
- ஒரு வாசகர், உத்திரமேரூர்

பதில்: இருக்கிறது. இதுவும் அதில் ஒன்று. 2015-இல் மும்பையில் 16 வயதுப் பெண்ணை ‘அயிட்டம்’ என்று கூப்பிட்டான் ஒருவன். முடியையும் பிடித்து இழுத்தான். அவள் 100-க்குப் போன் போட்டாள். 2022-இல் போக்சோ நீதிமன்றம் அவனுக்கு ஒன்றரை வருஷம் கொடுத்தது. அந்தச் சொல்லே பெண்ணைப் பண்டமாக்குகிறது என்றது. அந்தமானில் ஒருவர் போதையில், அதுவும் பெண் காவலரையே, ‘டார்லிங்’ என்றார். குற்றம்தான் என்று 2024-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனையை ஒரு மாதமாகக் குறைத்தது, அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இளைஞர்களின் சீண்டலில் சிக்கி உயிரிழந்தார். உடனே தமிழக அரசு சட்டம் போட்டது. அதன் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’! ஏதோ முறைப்பையன் கிண்டல் மாதிரி. 2002-இல்தான் அதை எடுத்துவிட்டு, பெண்களைத் துன்புறுத்துவது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லே வேண்டாமென்று நீதிபதிகளுக்கு உச்ச நீதிமன்றம் கையேடு போட்டது 2023-இல். உயிர் போன விஷயத்துக்கே செல்லப்பெயர் வைத்திருந்தோம், பையன்களை மட்டும் திட்டி என்ன?

கேள்வி: பெண்களும்தானே ‘மச்சி’, ‘வாடி போடி’ என்று பேசிக்கொள்கிறார்கள்?

பதில்: பேசட்டும். தோழி ‘டீ’ போட்டால் திருப்பிப் போடலாம். ‘என் ஆளு’ என்று அவனும் சொல்கிறான், அவளும் சொல்கிறாள், கணக்கு நேராகிவிடுகிறது. ‘செம கட்டை’, ‘அட்டு பிகர்’ எல்லாம் ஒருவழிப் பாதை. எதிரே வர அவளுக்கு அனுமதி இல்லை.

கேள்வி: எல்லாம் சினிமா கற்றுக்கொடுத்ததுதானே?

பதில்: பாதி அங்கேதான். படத்தில் ஒருவன் சரக்கு அடித்தால் மூலையில் எச்சரிக்கை ஓடுகிறது. பெண்ணைச் சரக்கு என்றால் விசில்தான் பறக்கிறது.

கேள்வி: பதிலுக்கு நாங்கள் என்ன சொல்வது?
- ஒரு மாணவி, காவாந்தண்டலம்

பதில்: நீ ஏனம்மா சொல்ல வேண்டும்? பக்கத்தில் நின்று காதில் விழாத மாதிரி பேப்பர் படிக்கிறாரே பெரியவர், அவர் வாயைத் திறக்கட்டும். அதற்கும் அடங்காவிட்டால் 181. பெண்களுக்கான உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.