கட் ஆஃப் மாமா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே தெருவுக்கு ஒருவர் பதவியேற்றுக்கொள்கிறார். பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வருஷக்கணக்காகியிருக்கும். "பிசிக்ஸ் எவ்வளவு, கெமிஸ்ட்ரி எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டேதான் வாசலில் செருப்பைக் கழற்றுவார். 91, 88, மேத்ஸ் 96 என்று பையன் சொல்லி வாய் மூடுவதற்குள் முதலிரண்டையும் பாதியாக்கி, மேத்ஸை முழுசாகக் கூட்டி, "நூத்தி எண்பத்தஞ்சரை" என்று தீர்ப்பு வந்துவிடும். கல்லூரிகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கவுன்சலிங் எண்தான். கிண்டி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4, கோவை ஜி.சி.டி. 2005, பி.எஸ்.ஜி. 2006. கிண்டிக்கு எதிரேயே ஐ.ஐ.டி. இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் அவர் திரும்புவதில்லை. அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின்; பிளஸ் டூவில் பொதுவாக 75 சதவீதம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கூட்டி வகுக்க ஒன்றுமில்லாத இடத்தில் மாமாவுக்கு என்ன வேலை?

அவர் மேல் எனக்குள்ள வழக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் அவர் போன வருஷத்துக் கட் ஆஃபை வைத்தே அளக்கிறார். "அங்க 191-ல முடிஞ்சுது, இங்க 187. எது நல்ல காலேஜ்னு நான் வேற சொல்லணுமா?" சொல்லத்தான் வேண்டும். 191 என்பது அந்தக் கல்லூரி எழுதி வாங்கிய மார்க் இல்லையே. கடைசியாக உள்ளே நுழைந்த பிள்ளை வேறெங்கோ ஒரு பள்ளியில் உட்கார்ந்து வாங்கியது. அந்த எண்ணுக்குள் ஆய்வகமும் இல்லை, பாடம் நடத்துகிறவரும் இல்லை. ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஓர் உயரத்தில் முடிகிறது, சிவில் எங்கோ கீழே முடிகிறது. அதே முதல்வர், அதே வளாகம், அதே கேன்டீன். கட் ஆஃப்தான் தரம் என்றால் ஒரு காம்பவுண்டுக்குள் எத்தனை தரம் இருக்க முடியும்? போதாக்குறைக்கு, மேத்ஸ் பேப்பர் எளிதாக வந்த வருஷம் எல்லோருக்கும் மார்க் ஏறிவிடும். போன வருஷத்து 185.5-க்குக் கிடைத்த ரேங்க் இந்த வருஷத்து 185.5-க்குக் கிடைக்காது. ஒப்பிடுவதானால் ரேங்க்கை ஒப்பிட வேண்டும். மாமாவோ மார்க்கைத்தான் ஒப்பிடுவார், அதிலும் ஓ.சி. பத்தியைப் படித்து பி.சி. பையனைப் பயமுறுத்துவார்.

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்ததன் விளைவுதானே கட் ஆஃப், அத்தனை பேருமா தப்பு செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல மாணவர்கள் கூடும் இடத்துக்குக் கம்பெனிகள் வருகின்றன. பக்கத்து பெஞ்சில் கெட்டிக்காரன் இருந்தால் பாதிப் படிப்பு அங்கேயே நடந்துவிடுகிறது. ஆகவே 195-க்கும் 165-க்கும் உள்ள இடைவெளி எதையோ சொல்லத்தான் செய்கிறது. மாமாவின் பஞ்சாயத்தெல்லாம் 191-க்கும் 189.5-க்கும் நடுவில் அல்லவா நடக்கிறது! அந்த ஒன்றரை மார்க்கைத் தீர்மானித்தது முந்தைய வருஷத்துக் கட் ஆஃப். அதைத் தீர்மானித்தது அதற்கும் முந்தையது. ஊரிலுள்ள மாமாக்கள் எல்லோரும் சொன்னதைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதையே ஆதாரம் என்று மறுபடியும் மாமாக்கள் காட்டுகிறார்கள்.

வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு இவரை விட்டால் யார் இருக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். இதை நான் மறுக்கப் போவதில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன கேட்பார்கள், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு எந்த வகுப்பிலிருந்து படித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறாம் வகுப்பிலிருந்து என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். சீட் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் அடிக்கும் ஆள் மாதிரி காசும் வாங்குவதில்லை. ஒரு ஃபில்டர் காபி, அதிலும் சர்க்கரை கம்மி.

அந்தக் காபியைக் குடித்துவிட்டு அவர் செய்யும் காரியத்தில்தான் விபரீதம். சாய்ஸ் ஃபில்லிங் நாளன்று கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எட்டாததை மேலே போட்டு வேஸ்ட் பண்ணாதே, கிடைக்கிறதை முதல்ல போடு" என்பார். வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆன்லைன் கவுன்சலிங் 2018-ல் வந்துவிட்டது. நேரில் போய் நின்று கண்ணெதிரே இருந்த சீட்டைப் பிடித்த காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுற்றிலும் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவனாக எடுக்கிறது. அவன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, இடம் இருக்கும் முதல் வரியைக் கொடுக்கிறது. கிண்டியை முதலில் போட்டதற்காக ஐந்தாவது வரியில் உள்ள சீட்டை அது பறித்துக்கொள்வதில்லை. எத்தனை வரி போட்டாலும் கட்டணம் ஒன்றுதான். ஆசையை மேலேயும் பாதுகாப்பைக் கீழேயும் போடுவதால் நஷ்டம் எதுவுமில்லை. கிடைப்பதை முதலில் போட்டால்தான் நஷ்டம்: அது கிடைத்தே விடும். அதற்குக் கீழே உள்ளதை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இவ்வளவையும் விளக்கினாலும் மாமா அசைய மாட்டார். "ஈ.சி.இ. போடு, ரெண்டு பக்கமும் போகலாம்" என்பார், எந்த இரண்டு பக்கம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அலாட்மென்ட் வந்து, போட்ட கணக்கு பிசகினாலும் அவரிடம் காரணம் தயாராக இருக்கும். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பத்து இலக்க ரேண்டம் எண் தருகிறார்கள். மார்க்கெல்லாம் ஒத்துப்போய், பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் அதற்கு வேலையே வரும். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த எண்ணை ஜாதகம் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்ப்பார். "நான் அன்னிக்கே நினைச்சேன். இந்த நம்பர்தான் சரியில்லை."