தெல்தெனியவின் வரைபடத்துக்கு எந்த மென்பொருள்?

பழைய தெல்தெனிய நகரம் 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. கடும் வறட்சியில் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். இப்போதைய நகரம் மேட்டில் புதிதாகக் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட ஊரின் வரைபடத்தை ஊராரே எடுத்து நடத்துவதென்றால், மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நீ நின்றுபோனால் எங்கள் தரவை முழுதாக வெளியே எடுக்க முடியுமா?

இதில் இலங்கைக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் லங்கா சாப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் எல்லாவற்றையும் அது பதிந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. முதலில் பிஎச்பி மொழியில் இருந்தது. பிறகு பைதானில் புதிதாக எழுதப்பட்டது. எழுதியவர்கள் மாறியும் வேலை தொடர்ந்ததற்குக் காரணம் நிரல் திறந்திருந்ததுதான். சஹானா நம் நாட்டின் பெருமைகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் சஹானாவுக்குச் சர்வரும் அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். தெல்தெனியவில் ஒரு சிறு குழு அந்தப் பாரத்தைத் தூக்கக் கூடாது. கியூஜிஐஎஸ் என்ற திறந்த வரைபட மென்பொருளும் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவமும் போதும். ஊர்த் தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். பென் டிரைவில் கொடுக்கலாம், இணையம் இல்லாமலும் திறக்கும். எல்லோருக்கும் பொதுவானதை, யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்ற வேண்டும். அங்கே தமிழுக்கும் சிங்களத்துக்கும் தனித்தனிப் பெயர்ப்புலம் உண்டு. ரங்கல பக்கத்துத் தோட்டங்களில் டிவிசன்களையும் லயன்களையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அங்குள்ளவர்கள் வழங்கும் பெயரிலேயே குறிக்கலாம். மண்சரிவு நாளில் மீட்புக்கு வருகிறவருக்கு அந்தப் பெயர்தான் உதவும். கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுப்பது மட்டும் கூடவே கூடாது. உரிமம் இடம் தராது.

மூழ்கிய தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஏற்காது. இன்று தரையில் இருப்பதே அதன் எல்லை. அவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற உடன்பிறப்பு இருக்கிறது. இருந்த காலத்தோடு சேர்த்து அங்கே வரையலாம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய, மைலுக்கு ஓரங்குல அளவிலான வரைபடத் தாள்களை அனுமதி பெற்று கியூஜிஐஎஸ்ஸில் இடம்பொருத்தினால் முக்கியச் சாலைகளின் போக்கு கிடைக்கும். எந்தக் கடை எங்கே இருந்தது என்பதைத் தாள் சொல்லாது. அந்தத் தெருக்களில் நடந்து திரிந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள், பலர் எழுபதையும். அவர்களிடம் கேட்டுக் குறிப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். லயன்களைக் குறிப்பதைக்கூட அதற்குப் பிறகு தொடங்கலாம்.