தோணியில் போன சோறு

கேள்வி: ஆதி கிறிஸ்தவர்களுக்கு ராஜ்யமும் இல்லை, படையும் இல்லை. பிறகு எப்படி ரோமப் பேரரசில் வேரூன்றினார்கள்?
– ஒரு வாசகர், குலசேகரன்பட்டினம்

பதில்: பசித்தவனுக்குச் சோறு போட்டு! ஞாயிறுதோறும் அவரவர் மனமுவந்து போட்ட காசு அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது. அலெக்சாண்டிரியாவில் கொள்ளைநோய் வந்தபோது, நெருங்கிய சொந்தங்களையே தெருவில் போட்டுவிட்டு ஓடினார்கள் பலர். கிறிஸ்தவர்களோ நோயாளியைத் தொட்டுத் தூக்கினார்கள். தூக்கியவர்களிலும் பலர் செத்தார்கள். பழைய தெய்வங்களை மீட்க நினைத்த பேரரசர் ஜூலியனுக்கு 362-இல் இதுதான் உறுத்தியது. தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் இவர்கள் காப்பாற்றுகிறார்களே என்று கடிதம் எழுதி, ஊருக்கு ஊர் சத்திரம் வைக்கச் சொன்னார். எதிரியையும் அன்னதானம் செய்ய வைத்த பெருமை வேறு யாருக்கு உண்டு?

அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் ஊருக்குத் தெற்கே மணப்பாடு. 1544 ஜூனில், வடக்கிலிருந்து வந்த வடுகர் படைக்கு அஞ்சிய குமரிக் கடற்கரை மக்கள், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் துடித்தார்கள். கிறிஸ்தவத் துறவி சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று. எட்டு நாள் போராடியும் தோணி போய்ச் சேரவில்லை. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை, கரை வழியே போய் அவர்களைப் பார்த்தார். அந்த எட்டு நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

தசராவுக்கு வேடம் கட்டி வீடு வீடாகத் தருமம் கேட்கும் ஊர்க்காரர் நீங்கள். கேட்கும் கையின் கனம் உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை மணப்பாட்டுக் குன்றில் ஏறினால், தெற்கே அந்தக் கடலை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.