சனி ஞாயிறு நிறுவனர்

திங்கள் முதல் வெள்ளி வரை இவர் சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியின் வெப் டெவலப்பர். பட்டனை நாலு பிக்சல் இடது பக்கம் தள்ளச் சொன்னால் தள்ளுவார். பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருவார். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நிறுவனர் ஆகிவிடுவார்.

"ஏங்க, தண்ணி கேன் தீந்துபோச்சு" என்று மனைவி சொன்னால் மற்றவர்கள் கடைக்குப் போன் போடுவார்கள். இவர் லேப்டாப்பைத் திறப்பார். கேன் எப்போது தீரும் என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஆப்! முதலில் பெயர் யோசித்து டொமைன் வாங்க வேண்டும். அப்புறம் லோகோ. அப்புறம் டார்க் மோட். தண்ணீர் என்ற விஷயத்துக்கு வந்து சேரும்போது ஞாயிறு சாயங்காலம். அதற்குள் இவருடைய அம்மாவே கீழே இறங்கி, அண்ணாச்சியிடம் சொல்லி, புதுக் கேன் வந்து, அதிலும் பாதி காலியாகியிருக்கும்.

அடுத்த வாரம் அதை முடிப்பாரா? எப்படி முடியும், அடுத்த வாரம் கரண்ட் பில் ஆயிற்றே! இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும். அதை எச்சரிக்க ஒரு டாஷ்போர்டு. அது ஓட, ராத்திரி பகல் அணையாமல் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கணக்கு 500-ஐத் தாண்டிய நிமிஷத்தை அது துல்லியமாகக் காட்டியது.

ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போடுகிறவர்கள் மாதிரி இவர் டொமைன் வாங்கிப் போடுவார். எதிலும் கட்டடம் எழும்பவில்லை. வருஷாவருஷம் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் தவறாது. "விட்டுத் தொலைங்களேன்" என்றால், "ஏரியா டெவலப் ஆகும்" என்கிற நம்பிக்கை முகத்தில் தெரியும்.

எப்போதாவது ஒன்று முடிகிற கட்டத்துக்கு வந்துவிடும். உடனே ஃபிரேம்வொர்க்கை மாற்றிவிடுவார். 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். அதில் எந்த ஃபிரேம்வொர்க் உசத்தி என்று தீர்மானிக்க இவருக்கு ஒரு மழைக்காலம் போதவில்லை.

வெளியே போனாலும் சிந்தனை நிற்காது. மத்தியானம் மெஸ்ஸில், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றபடி, "இங்க லோடு பேலன்சிங் சரியில்லை" என்பார். அதற்குள் பக்கத்தில் வந்தவர் காலியான நாற்காலியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கியிருப்பார்.

கேலி செய்தால் இவரிடம் சரித்திர ஆதாரம் உண்டு. "1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைப் பொழுதுபோக்காத்தான் ஆரம்பிச்சார். 'வேர்டில்' விளையாட்டை ஜாஷ் வார்டில் தன் துணைக்காகச் செஞ்சார். 2022-ல் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கிடுச்சு, தெரியுமா?"

"அவங்கல்லாம் முடிச்சாங்கல்ல?" என்பார் மனைவி, காய் நறுக்கியபடி.

அந்த வீட்டில் இன்றுவரை ஒருநாள்கூட முடங்காத ஒரே மென்பொருள், சமையலறைக் காலண்டரில் அம்மா எழுதும் பால் கணக்குதான். பாஸ்வேர்டு கிடையாது, கரண்ட் போனாலும் ஓடும்.

ஆனாலும் ஆள் நல்லவர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. உங்களிடம் டெமோ காட்ட வந்தால் தாராளமாகப் பாராட்டுங்கள். "இதோட இன்னொண்ணும் சேர்த்தா நல்லா இருக்குமே" என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். அதற்கும் ஒரு டொமைன் வாங்கிவிடுவார்.